அந்தப் பாக்கெட் எத்தனை மணிக்கு வந்தது?

ஒரு வங்கியின் இணையதளம் மந்தமாகிவிட்டது என்று வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் வருகிறது. மென்பொருள் பிரிவைக் கேட்டால் நெட்வொர்க்கைக் கைகாட்டுகிறார்கள். நெட்வொர்க் பிரிவைக் கேட்டால் சர்வரைக் கைகாட்டுகிறார்கள். இந்த இழுபறியைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. கேபிளில் சிறு துண்டுகளாகப் போய்வரும் தரவை, அதாவது பாக்கெட்டுகளை, டிசிபிடம்ப், வயர்ஷார்க் போன்ற கருவிகளைக் கொண்டு ஒன்றுவிடாமல் பதிவு செய்துவிடலாம். இதைத் துறையில் கேப்சர் எடுப்பது என்பார்கள். பதிவான ஒவ்வொரு பாக்கெட்டின் பக்கத்திலும் ஒரு நேரம் எழுதியிருக்கும். அதுதான் டைம்ஸ்டாம்ப், நேர முத்திரை. வாடிக்கையாளரின் கேள்வி சர்வருக்கு வந்த நேரத்தையும், பதில் கிளம்பிய நேரத்தையும் கழித்துப் பார்த்தால் தாமதம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

திரையில் அந்த நேரம் விநாடிக்குப் பின் ஆறு இலக்கமோ ஒன்பது இலக்கமோ கொண்டு நிற்கும். ஆறு இலக்கம் என்றால் மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. ஒன்பது இலக்கம் என்றால் நானோ விநாடி, 100 கோடியில் ஒரு பங்கு. இத்தனை இலக்கங்களைப் பார்த்ததும் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். ஆனால் அது பாக்கெட் வந்து சேர்ந்த நேரம் அன்று. பாக்கெட் வந்திருப்பதைக் கணினியின் ஏதோ ஒரு பகுதி கவனித்த நேரம், அந்தப் பகுதியிடம் இருந்த கடிகாரத்தின்படி. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சில நானோ விநாடியாகவும் இருக்கலாம், பல மில்லி விநாடியாகவும் இருக்கலாம். அதை அறியாமல் கேப்சரை வைத்துத் தீர்ப்புச் சொல்வது ஆபத்து.

பெர்க்லியில் தொடங்கிய பழக்கம்

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான இணைப்பு திணறிப்போனது. இரண்டுக்கும் நடுவே தூரம் 400 கெஜம்தான். விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த பாதையில் 40 பிட் மட்டுமே போனது. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் இதன் காரணத்தைத் தேடிப் போனார்கள். நெரிசல் ஏற்படும்போது அனுப்பும் கணினிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற அவர்களுடைய 1988ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றைய இணையத்தின் அடிப்படைகளில் ஒன்று. அதே ஆய்வகத்தில், அதே 1988இல், வான் ஜேக்கப்சன், சாலி ஃபிளாய்ட், வெர்ன் பாக்ஸன், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோர் எழுதிய கருவிதான் டிசிபிடம்ப். எந்தப் பாக்கெட் எப்போது போனது, அதற்கு ஒப்புகை எப்போது வந்தது என்று பார்க்காமல் நெரிசலைப் புரிந்துகொள்ள முடியாது. ஆகவே நேரம் என்பது அந்தக் கருவியின் உயிர்நாடி.

அந்தக் குடும்பத்திலிருந்து வந்த பிகேப் என்ற கோப்பு வடிவத்தில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் 16 பைட் தலைப்பு உண்டு. முதல் 4 பைட்டில் 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகள். அடுத்த 4 பைட்டில் மைக்ரோ விநாடிகள். மீதி எட்டு பைட்டில் பாக்கெட்டின் நீளங்கள். அக்கால ஈதர்நெட்டின் வேகம் 10 மெகாபிட். ஈதர்நெட்டில் போகக்கூடிய மிகச் சிறிய சட்டகம், அதாவது ஈதர்நெட் உறையோடு கூடிய பாக்கெட், 64 பைட். முன்னோட்டக் குறிகளையும் கட்டாய இடைவெளியையும் சேர்த்தால் 84 பைட், அதாவது 672 பிட். 10 மெகாபிட்டில் இது கடந்துபோக 67.2 மைக்ரோ விநாடி ஆகும். அதனால் மைக்ரோ விநாடி அளவுகோல் அன்றைக்குத் தாராளம்.

இன்று 10 ஜிகாபிட் இணைப்பில் அதே சட்டகம் 67.2 நானோ விநாடியில் கடந்துவிடுகிறது. ஒரே மைக்ரோ விநாடிக்குள் 14 பாக்கெட்டுகள் அடங்கிவிடும். எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதை ஆறு இலக்க நேரத்தால் சொல்ல முடியாது. 100 ஜிகாபிட்டில் இடைவெளி 6.72 நானோ விநாடி. அதனால்தான் நானோ விநாடியில் எழுதும் பிகேப் வடிவமும் வந்தது. ஆனால் அளவுகோலில் கோடுகளை நெருக்கிப் போடுவது வேறு, அளவு சரியாக இருப்பது வேறு. ஒன்பது இலக்கம் எழுதும் கணினி ஆறாவது இலக்கத்திலேயே தவறியிருக்கலாம்.

கார்டிலிருந்து கெர்னல் வரை

பாக்கெட் வந்து சேரும்போது நடப்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். நெட்வொர்க் கார்டு பிட்டுகளை வாங்கி, முழுப் பாக்கெட்டையும் கணினியின் நினைவகத்தில் எழுதுகிறது. பிறகு இன்டரப்ட் அனுப்பி பிராசசரைக் கூப்பிடுகிறது. பிராசசர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு வருகிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பாக்கெட்டைக் கையில் எடுக்கிறது. சாதாரணக் கேப்சரில், கெர்னல் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பது இந்தக் கட்டத்தில்தான்.

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் இன்டரப்ட் என்று வைத்தால் வேகமான இணைப்பில் பிராசசருக்கு வேறு வேலையே நடக்காது. அதனால் கார்டுகள் சிறிது நேரம் பொறுத்திருந்து, பல பாக்கெட்டுகள் சேர்ந்தபின் ஒரே முறை கூப்பிடுகின்றன. காலையிலிருந்து ஊரெங்கும் தபால் பெட்டியில் விழுந்த கடிதங்களைச் சாக்கோடு கொண்டுவந்து கொட்டியபின், அஞ்சலக ஊழியர் எல்லாவற்றுக்கும் அடுத்தடுத்து ஒரே மணியில் முத்திரை குத்துவதைப் போன்றது இது. பெட்டியில் எது எப்போது விழுந்தது என்பது அந்த முத்திரையில் இருக்காது.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். 1 ஜிகாபிட் இணைப்பில் பெரிய கோப்பு ஒன்று இறங்கும்போது எடுத்த கேப்சரில் இப்படி வரிசை நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

10:15:32.418231
10:15:32.418232
10:15:32.418232
10:15:32.418233

இதேபோல் பத்து வரிகள். பிறகு 100 மைக்ரோ விநாடிக்கும் மேல் எதுவும் இல்லை. பிறகு மறுபடியும் பத்து வரிகள் நெருக்கமாக. பார்ப்பவர் என்ன நினைப்பார்? பாக்கெட்டுகள் கொத்துக் கொத்தாக வருகின்றன, அனுப்பும் சர்வர் விட்டுவிட்டு அனுப்புகிறது என்று அறிக்கை எழுதிவிடுவார்.

இப்போது கணக்குப் போடுவோம். முழு அளவுச் சட்டகம் 1,518 பைட். கூடுதல்களோடு 1,538 பைட், 12,304 பிட். 1 ஜிகாபிட் கம்பியில் இது கடந்துபோகக் குறைந்தது 12.3 மைக்ரோ விநாடி வேண்டும். ஒரு மைக்ரோ விநாடி இடைவெளியில் இரண்டு முழுப் பாக்கெட்டுகள் அந்தக் கம்பியில் வரவே முடியாது. ஆகவே அந்த வரிசை கம்பியில் நடந்ததைக் காட்டவில்லை. பாக்கெட்டுகள் சீராக 12.3 மைக்ரோ விநாடிக்கு ஒன்றாகத்தான் வந்திருக்கின்றன. கார்டு பத்தைச் சேர்த்துவைத்துக் கொடுத்திருக்கிறது. கொத்தின் கடைசிப் பாக்கெட்டின் நேரம் உண்மைக்கு அருகில் இருக்கலாம். முதல் பாக்கெட் அதற்குக் குறைந்தது 110 மைக்ரோ விநாடி முன்பே வந்துவிட்டது. கேப்சரைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான்: இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி கம்பியின் வேகம் அனுமதிப்பதைவிடக் குறைவாக இருக்கிறதா? இருந்தால் அந்த நேரங்களை நம்பி நுணுக்கமான முடிவு எதற்கும் போகக் கூடாது. லினக்ஸில் எத்டூல் என்ற கட்டளையால் கார்டு எவ்வளவு நேரம் பொறுத்திருக்கிறது என்று பார்க்கலாம், தேவையானால் குறைக்கலாம்.

அனுப்பும் பக்கத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். கெர்னல் 64 கிலோபைட் வரை ஒரே துண்டாகக் கார்டிடம் ஒப்படைத்துவிடும். அதை 1,500 பைட் அளவுக்கு நறுக்குவது கார்டின் பொறுப்பு. ஆனால் கேப்சர் எடுக்கப்படுவது ஒப்படைப்பதற்கு முன்னால். அதனால் கம்பியில் என்றைக்குமே போகாத ஒரு பிரம்மாண்டப் பாக்கெட் ஒரே நேர முத்திரையோடு கோப்பில் இருக்கும். கம்பியில் போனவையோ நாற்பதுக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகள். 1 ஜிகாபிட்டில் அவை போய்முடிய அரை மில்லி விநாடிக்கும் மேல் ஆகும். ஒரு சர்வரின் வேகத்தை அளக்க அந்த சர்வரிலேயே கேப்சர் எடுப்பவர்கள் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். அங்கே வரும் பாக்கெட்டின் நேரம் உண்மையைவிடத் தாமதமாகவும், போகும் பாக்கெட்டின் நேரம் உண்மையைவிட முன்னதாகவும் பதிவாகிறது. சர்வர் எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு பக்கத்திலும் குறைத்துக் காட்டப்படுகிறது.

சரி, வெளியே ஒரு தனிக் கணினியை வைத்துப் பதிவு செய்யலாமே என்றால், பாக்கெட் அங்கே எப்படி வந்து சேர்கிறது என்பது அடுத்த கேள்வி. சுவிட்ச்சில் ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து அனுப்பும் வசதி உண்டு. சுலபம், செலவில்லை. ஆனால் 1 ஜிகாபிட் இணைப்பில் போக ஒரு ஜிகாபிட், வர ஒரு ஜிகாபிட். இரண்டும் நிறைந்து ஓடும்போது நகல் போகும் ஒற்றை 1 ஜிகாபிட் போர்ட்டில் அவை அடங்காது. பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும், சில விழுந்துபோகும். காத்திருந்த நேரமும் கேப்சரில் நெட்வொர்க்கின் தாமதமாகவே தெரியும். இதைத் தவிர்க்க ஆப்டிகல் டேப் என்ற கருவி இருக்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கைப் பதிவுக்கு அனுப்பும். அதில் வரிசையே கிடையாது. கூடுதலாகும் தாமதம் ஃபைபரின் நீளம் மட்டும், மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோ விநாடி.

கம்பியின் வாசலில் முத்திரை

கெர்னல் கவனிக்கும்வரை காத்திருக்காமல், பாக்கெட் கார்டுக்குள் நுழையும் கணத்திலேயே வன்பொருள் நேரம் குறித்துவிட்டால் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை மறைந்துவிடும். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களின் பிற்பாதியில் இதற்காகவே டேக் என்ற கார்டை உருவாக்கினார்கள். ஜிபிஎஸ் ஏற்பி விநாடிக்கு ஒரு முறை தரும் துடிப்போடு கார்டின் கடிகாரத்தை இணைத்து ஓட்டினார்கள். அந்த ஆய்விலிருந்து 2001இல் எண்டேஸ் என்ற நிறுவனம் பிறந்தது. அந்தக் கார்டின் நேர வடிவத்தில் விநாடிக்கு 32 பிட், விநாடியின் பின்னத்துக்கு 32 பிட். அது குறிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறக்குறைய 0.23 நானோ விநாடி.

இப்போது சாதாரண சர்வர் கார்டுகள் பலவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. டிசிபிடம்ப்பில் ஒரு விருப்பத்தைக் கொடுத்தால் கார்டு குறித்த நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் கார்டுக்குள் இருப்பது கணினியின் கடிகாரத்திலிருந்து வேறான ஒரு கடிகாரம். இரண்டையும் ஒத்திசைக்கத் தனி மென்பொருள் ஓட வேண்டும். ஒத்திசைக்காவிட்டால், இடைவெளிகள் துல்லியமாக இருக்கும், ஆனால் மணி தவறாக இருக்கும்.

இன்னொன்றையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பாக்கெட் வந்த நேரம் என்றால் அதன் முதல் பிட் வந்த நேரமா, கடைசி பிட் வந்த நேரமா? முழு அளவுப் பாக்கெட்டில் இரண்டுக்கும் 1 ஜிகாபிட்டில் 12 மைக்ரோ விநாடி வித்தியாசம். ஒரு கருவி முதல் பிட்டையும் இன்னொரு கருவி கடைசி பிட்டையும் கணக்கில் எடுத்தால், இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுகிறவர் இல்லாத தாமதத்தைக் கண்டுபிடிப்பார். ஐஇஇஇ 1588 தரம் இதில் தெளிவாக இருக்கிறது: சட்டகத் தொடக்கக் குறி முடிந்த இடமே அளவிடும் புள்ளி.

இரண்டு கடிகாரங்கள்

இதுவரை சொன்னது ஒரே கணினியின் கதை. ஒரு கணினிக்குள் சிறிய இடைவெளிகளை அளப்பதில் கடிகாரம் பெரிய தொல்லை தராது. குவார்ட்ஸ் படிகம் 10 லட்சத்தில் 20 பங்கு வேகமாக ஓடுகிறது என்றாலும், ஒரு மில்லி விநாடி இடைவெளியில் பிழை 20 நானோ விநாடிதான். ஆனால் அந்தப் பிழை நாள் முழுதும் சேர்ந்தால் 1.7 விநாடி. சென்னையில் ஒரு கேப்சர், மும்பையில் ஒரு கேப்சர் எடுத்து ஒப்பிட வேண்டும் என்றால் இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும்.

இதற்கான பழைய, நம்பகமான வழி என்டிபி. டேவிட் மில்ஸ் உருவாக்கி 1985இல் ஆவணமாக வெளியிட்டது. கணினி ஒரு நேர சர்வரிடம் மணி கேட்கும். கேள்வி போக எடுத்த நேரமும் பதில் வர எடுத்த நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டு தன் கடிகாரத்தைத் திருத்தும். நெருடல் இந்தச் சமத்தில் இருக்கிறது. அப்லோட் பக்கம் நெரிசலாகி, கேள்வி போக 9 மில்லி விநாடியும் பதில் வர 1 மில்லி விநாடியும் ஆனால், என்டிபி இரண்டையும் 5 என்று கொள்ளும். சரியாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் 4 மில்லி விநாடி முன்னால் தள்ளப்படும். கடிகாரம் தள்ளப்பட்ட அந்தக் கணினியிலிருந்து, சரியான மணி வைத்திருக்கும் பக்கத்து சர்வருக்கு 0.1 மில்லி விநாடியில் ஒரு பாக்கெட் போகிறது. இரண்டு கேப்சர்களையும் சேர்த்துப் பார்த்தால், அனுப்புவதற்கு 3.9 மில்லி விநாடி முன்பே அது போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்படிப்பட்ட விபரீதம் கண்ணில் பட்டால் அது நல்லது. பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டது. நிஜத் தாமதம் 20 மில்லி விநாடியாக இருந்து, அது 16 என்று பதிவானால் யாருக்கும் சந்தேகம் வராது. டிசிபிடம்ப்பை எழுதியவர்களில் ஒருவரான வெர்ன் பாக்ஸன் 1990களில் 35 இடங்களுக்கு இடையே 20,000 கோப்புப் பரிமாற்றங்களை இரண்டு முனைகளிலும் பதிவு செய்து ஆராய்ந்தார். இணையத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், தன் கையிலிருந்த கடிகாரங்களையும் பதிவுக் கருவிகளையும் அவர் சோதித்தார். நடுவில் தாவிய கடிகாரங்கள், ஒன்றையொன்று விட்டு விலகிக்கொண்டே போன கடிகாரங்கள், பின்னோக்கி ஓடிய நேர முத்திரைகள் எல்லாம் அவருக்குக் கிடைத்தன. அளவீட்டுக்கு முன் அளவுகோலைச் சோதி என்ற அவருடைய வற்புறுத்தல் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

திருத்தும் செயலே கூடத் தடம் விடும். என்டிபி மென்பொருள் சிறிய பிழைகளை மெதுவாகச் சரிசெய்யும், அப்போது ஒரு விநாடியில் அதிகபட்சம் அரை மில்லி விநாடி நீளும் அல்லது குறுகும். பிழை 128 மில்லி விநாடியைத் தாண்டிவிட்டால் ஒரே தாவலில் திருத்திவிடும். கேப்சர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தாவல் நடந்தால் நேரம் பின்னால் போகவும் கூடும். நேரம் பின்னால் போகாது என்று நம்பி எழுதிய மென்பொருளுக்கு என்ன ஆகும் என்பதை 2017 புத்தாண்டு காட்டியது. 2016 டிசம்பர் 31 நள்ளிரவில் உலக நேரத்தோடு ஒரு லீப் விநாடி சேர்க்கப்பட்டபோது, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் மென்பொருளில் இரண்டு நேரங்களைக் கழித்த விடை எதிர்மறையாகிவிட்டது. சில பெயர்த் தேடல்கள் தோல்வியடைந்தன. அந்த மென்பொருள் எழுதப்பட்ட கோ மொழியின் 1.9 பதிப்பு, 2017இல் வெளிவந்தபோது, பின்னோக்கிப் போகாத தனிக் கடிகாரத்தைக் கொண்டு இடைவெளிகளை அளக்கத் தொடங்கியது.

மைக்ரோ விநாடிக்கும் கீழே போக வேண்டும் என்றால் பிடிபி. ஐஇஇஇ 1588 என்று 2002இல் தரமாகி, 2008இலும் 2019இலும் திருத்தப்பட்டது. வழியிலுள்ள சுவிட்ச்சுகளே பாக்கெட் தம்மிடம் காத்திருந்த நேரத்தை அளந்து சொல்வதால் வரிசையின் பிழை கழிந்துவிடுகிறது. அதன் மேல் செர்ன் ஆய்வகம் முன்னின்று வளர்த்த ஒயிட் ராபிட், நானோ விநாடிக்கும் குறைவான பிழையில் கடிகாரங்களை இணைக்கிறது.

அந்த அளவுக்கு இறங்கிவிட்டால் ஒவ்வொரு கேபிளும் கணக்கில் வரும். 2011 செப்டம்பரில் ஓபெரா ஆய்வுக் குழு, ஜெனீவாவிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாசோவுக்குப் போன நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முந்தி வந்துவிட்டதாக அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. சில மாதங்களில் காரணம் தெரிந்தது: ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவந்த ஃபைபர் கேபிளின் இணைப்பான் சரியாகச் செருகப்படவில்லை. எதிர்த்திசையில் சிறிய பிழை ஒன்றைத் தந்த கடிகாரம் வேறு. பிறகு எடுத்த அளவீடுகளில் நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை.

எவ்வளவு துல்லியம் போதும்?

எல்லாருக்கும் நானோ விநாடி தேவையில்லை. இணையவழித் தொலைபேசியில் பேச்சு வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட்டாகப் போகிறது. குரல் ஏன் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று ஆராய்கிறவருக்கு 100 மைக்ரோ விநாடிப் பிழை ஒரு பொருட்டே இல்லை, சாதாரண மடிக்கணினி போதும். பங்குச் சந்தையில் யாருடைய ஆணை முதலில் வந்தது என்று கேட்கிறவருக்கு அது போதாது. 2018 ஜனவரி 3இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, அதிவேக அல்காரிதம் வர்த்தகம் செய்பவர்களின் கடிகாரம் உலக நேரத்திலிருந்து 100 மைக்ரோ விநாடிக்கு மேல் விலகக் கூடாது, நேரத்தை 1 மைக்ரோ விநாடி அளவிலோ அதைவிட நுணுக்கமாகவோ எழுத வேண்டும். விலகல் வேறு, எழுதும் நுணுக்கம் வேறு என்று சட்டமே பிரித்துச் சொல்லிவிட்டது. இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தம் கணினிகளின் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றை அடியொற்றிய சர்வர்களோடு இணைக்கச் சொல்கிறது. ஒரு சைபர் தாக்குதல் பல நிறுவனங்களின் வழியாக நடந்திருந்தால், அவற்றின் பதிவுகளைக் கோத்துப் பார்ப்பதற்குப் பொதுவான ஒரு மணி வேண்டும்.

பழைய பிகேப் கோப்பின் தொடக்கத்தில், அதிலுள்ள நேர முத்திரைகள் எவ்வளவு துல்லியமானவை என்று எழுதுவதற்காகவே 4 பைட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வடிவமைத்தவர்கள் அந்தக் கேள்வி எழும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். நடைமுறையில் எல்லாக் கருவிகளும் அங்கே சுழியம் எழுதிவிட்டுப் போகின்றன. ஆகவே அந்தத் தகவலைத் தருவது கேப்சர் எடுப்பவரின் கடமையாகிறது. எங்கே பதிவு செய்தோம், நேரம் குறித்தது கார்டா கெர்னலா, கடிகாரம் எதனோடு ஒத்திசைக்கப்பட்டது, அப்போது எவ்வளவு விலகியிருந்தது என்ற நான்கு வரிகள் போதும். புதிய பிகேப்-என்ஜி வடிவத்தில் கோப்புக்குள்ளேயே குறிப்பு எழுத இடம் இருக்கிறது. அந்த நான்கு வரிகள் இருந்தால், நெட்வொர்க் பிரிவும் மென்பொருள் பிரிவும் ஒரே கோப்பை வைத்துக்கொண்டு எந்த அளவு வரை அதை நம்பலாம் என்று ஒத்துக்கொண்டு பேச முடியும். பதிவு தொடங்கும் முன் அவற்றை எழுதிவைக்க ஐந்து நிமிடம் ஆகாது. வழக்கு முற்றிய பிறகு அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க எந்தக் கருவியாலும் முடியாது.